சாவி இந்தப் பக்கம்

1976 ஆகஸ்ட் 9

மேல்கணக்குக்குப் போய் வந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சிப் பிரிவு அது. ரோடு என்று பெயர் மட்டும் உண்டு. என்னை ஏற்றிப்போகும் அலவி நானாவின் ஜீப் வழக்கம்போல உடைந்த மதகுக்குக் கீழே முக்கி முனகி நின்றுவிட்டது. மிச்சத்தை நடந்தே ஏறினேன். மருத்துவிச்சி வேலைக்குப் படித்தபோது மலை ஏறுவதும் பாடம் என்று யாரும் சொல்லவில்லை.

இராக்கம்மாவுக்கு ஆறாம் மாதம். வயிற்றைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "இந்தத் தடவையும் கம்பளியில கட்டித்தான் தூக்கிட்டுப் போவாங்களா, மிஸியம்மா?" என்று கேட்டாள்.

முதல் பிள்ளையையே பதுளை ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். லயத்து வீட்டில் வைத்து நான் தனியாகப் பார்க்கக்கூடிய உடம்பு இல்லை. போன டிசம்பரில் இரண்டாவதுக்கு வலி கண்டது. ஜீப் ஏறவில்லை. மதகடியில் நானும் அலவி நானாவும் மழையில் காத்து நின்றோம். கம்பளியில் கட்டித் தோளில் சுமந்து வந்தார்கள். பிள்ளை பாதி வழியிலேயே பிறந்துவிட்டது. எங்கள் கைக்கு வரும்போது சத்தமில்லை.

இறங்கி வந்து அவள் கேட்டதை நானாவிடம் சொன்னேன். அவர் ஜீப்புக்கு அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றில் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 22

தொலைக்கவில்லை. திட்டம் போட்டிருக்கிறார்.

இந்த ஜீப்புதான் அவருக்குச் சோறு. காலையில் தோட்டத்துக்காக என்னைக் கணக்குக் கணக்காக, பிரிவு பிரிவாக, கொண்டுபோவதும், பின்னேரம் பதுளை பஸாரில் வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓடுவதும் இதில்தான். இப்போது இதை மலை ஏறும் மிருகமாக்கப் போகிறாராம். பழைய லொறியின் ஸ்பிரிங் தகடுகளை வாங்கிப் போட்டு உடம்பை உயர்த்திவிட்டார். நான் ஏறுவதற்கு இனி ஒரு முக்காலி வேண்டும். சேலை கட்டிய பெண்பிள்ளை ஒருத்தி இதில் தினமும் போகிறாள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

செப்டம்பர் 3

நோன்பு வைத்துக்கொண்டு, எச்சில்கூட விழுங்காமல் வண்டிக்கு அடியில் கிடக்கிறார். திட்ட வாய் வரவில்லை.

செப்டம்பர் 14

திட்டிவிட்டேன்.

டிராக்டருக்குப் போடுகிற மாதிரிப் பல்லுப் பல்லாக டயர் போட்டிருக்கிறார். சேற்றுக்கு அது ராஜா. தார் ரோட்டில் அது போடுகிற ஊளையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வண்டி உயர்ந்ததில் ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்பதில்லை; குடித்தவன் நடை. பஸார் ஹயர் குறைந்துவிட்டது. அவருடைய மச்சான் ஷுக்ரியே, "மச்சான், இது மனுசன் போற வண்டியா, மாடு போற வண்டியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாராம்.

ஒன்று மட்டும் மாறவில்லை. பெற்றோல் விலை ஏறியதிலிருந்து எல்லா ஹயர்காரர்களும் செய்வதுதான்: இறக்கம் வந்தால் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவார், கியரைத் தள்ளி நியூட்ரலில் விடுவார், வண்டி தன்பாட்டில் உருண்டுபோகும். பசறை ரோட்டு இறக்கம் முழுக்க அப்படித்தான். அந்த அமைதி எனக்கும் பிடிக்கும். சில நாள் கண்ணயர்ந்தும் இருக்கிறேன்.

அக்டோபர் 5

ஏறிவிட்டது!

டயரில் சங்கிலி சுற்றி, சின்னக் கியரில் போட்டு, மனிதன் நடக்கிற வேகத்தில் ஏறினோம். மதகைத் தாண்டியபோது என்னை அறியாமல் முருகா என்று கத்தினேன். அவர் அல்லாஹ்வைக் கூப்பிட்டார். இரண்டு பேரில் யார் தள்ளிவிட்டார்களோ, மேல்கணக்கு லயத்து வாசலில் போய் நின்றோம். இராக்கம்மா வந்து டயரைத் தொட்டுப் பார்த்தாள். அவள் சிரித்து இந்த வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 6

நெற்றி வீங்கி இருக்கிறது. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

இறங்கும்போது - செங்குத்தான இறக்கம், ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம் - சத்தம் நின்றது. சாவியைத் திருப்பிவிட்டார். கியரையும் தள்ளிவிட்டார். அதுவரை எஞ்சின்தான் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அது விட்டதும் ஜீப் பாய்ந்தது. பிரேக் நனைந்து கிடக்கிறது, பிடிக்கவில்லை. கியர் திரும்ப விழவில்லை. நான் கத்தினேன். அவர் ஸ்டியரிங்கை வெட்டி மண்மேட்டில் கொண்டுபோய் மோதினார். மற்றப் பக்கம் வெட்டியிருந்தால் இதை யார் எழுதுவது?

"என்ன நானா செஞ்சீங்க? கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. "நெனச்சு செய்யல்ல மிஸி. கை தானாப் போச்சு."

தானாகப் போன கை. அதுதானே பயம்! நினைத்துச் செய்திருந்தால் செய்யாதீர்கள் என்று சொல்லலாம். நினைக்காமல் செய்கிற கையிடம் யார் போய்ச் சொல்வது? அந்த இடத்தில் நானில்லாமல் இராக்கம்மா இருந்திருந்தால்?

அவளை இந்த வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 7

பஸ்ஸில் போனேன். பாதி வேலைதான் நடந்தது.

அக்டோபர் 8

பஸ். அவள் கேட்டால் என்ன சொல்வேன்? திரும்பவும் கம்பளியா?

அக்டோபர் 16

காலையில் வாசலில் அந்த ஊளைச் சத்தம். நான் வெளியே போகவில்லை. அவர் இறங்கி வந்து, "ஒருக்கா வந்து குந்திப் பாருங்க மிஸி. பொறகு ஏசுங்க," என்றார்.

முக்காலியில் ஏறி உட்கார்ந்தேன். என் முழங்காலுக்கு எதிரே சாவி தொங்குகிறது. சுவிட்சைக் கழற்றி, வயரை நீட்டி, தன் கை எட்டாத தூரத்துக்கு, பக்கத்து ஆசனத்தின் ஓரத்தில் பூட்டிவிட்டார். பழைய ஓட்டையைப் பால்மா டின் மூடி ஒன்றை வைத்து அடைத்திருக்கிறார்.

"வண்டிக்கு எல்லாம் செஞ்சேன். ஓட்டுறவனுக்கு ஒன்னுமே செய்யல்ல," என்றார். "மொதல்ல சாவி, பொறகுதான் கியர். என்ட கைக்கு அந்த வரிசைதான் பழக்கம். சாவி இல்லாட்டி கை அங்கேயே நிண்டுரும். இனி எஞ்சின நிப்பாட்டுறதுன்னா பக்கத்துல ஈக்குறவங்களக் கேட்டுத்தான்."

பசறை இறக்கத்தில் பார்த்தேன். கை போனது. தகரத்தில் டங்கென்று தட்டியது. சூடு பட்டவர்போல இழுத்துக்கொண்டார். அந்த இறக்கம் முடிவதற்குள் எத்தனையோ தடவை டங். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒரு தடவைகூடக் கியரைத் தள்ளவில்லை.

நவம்பர் 4

மழை. நமுனுகுல மலை இரண்டு நாளாகக் கண்ணிலேயே படவில்லை.

நவம்பர் 19

நாள் இருக்கும்போதே அவளைக் கீழே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று மேலே போய்ப் பேசினேன். அவள் புருஷன் கந்தப்பனுக்கு மனமில்லை. நாங்கள் மண்மேட்டில் மோதிய கதை லயம் முழுக்கத் தெரியும்.

"மனுசன் காலு வழுக்கினா இன்னொரு மனுசன் புடிப்பான். ஜீப்பு வழுக்கினா யாருங்க புடிப்பா?" என்றான். அவன் சொல்வதில் என்ன தப்பு?

இராக்கம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "போன தடவை நாலு மனுசங்கதான் தூக்குனாங்க. நான் ஜீப்புலதான் போவேன்."

வருகிற சனிக்கிழமை என்று முடிவு.

நவம்பர் 24

சனிக்கிழமைக்குப் பிள்ளை காத்திருக்கவில்லை.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடியுமுன் கந்தப்பன் ஓடிவந்தான். விடியவே வலி. மழை விட்டபாடில்லை. நானா சங்கிலியைச் சுற்றினார். ஏறியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்கு ஏறுவதில் பயமே இல்லை.

இறங்கும்போது அவளை முன் ஆசனத்தில் சாய்த்து உட்கார்த்தி, நான் பின்னால் முழங்காலிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பாதி வழியில்தான் உறைத்தது: சாவி அவள் பக்கம். எனக்கு எட்டாது. வலியில் அவள் எதைப் பிடித்து முறுக்குவாளோ?

"இராக்கம்மா, அந்தச் சாவிய மட்டும் திருப்பிராத. அது ஓடிக்கிட்டே இருக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். மறு கையைச் சாவியின் மேல் மூடினாள்.

அந்த இறக்கம் வந்தது. மண்மேட்டில் நாங்கள் மோதிய தழும்பு அப்படியே இருக்கிறது. நானாவின் கை போனது - டங். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கை ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. எஞ்சின் உறுமிக்கொண்டே எங்களை ஒவ்வொரு சாணாக இறக்கியது. சரியாக அப்போது அவளுக்கு வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்த மாட்டேன், நிறுத்த மாட்டேன்" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

இந்தத் தடவையும் ஆயுதம்தான் போட்டார்கள். பெண் பிள்ளை. வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தியது. நானா வெளியே சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் 25

உடம்பெல்லாம் வலி. நன்றாகத் தூங்கினேன்.

1977 ஜனவரி 12

பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று இராக்கம்மா பிடிவாதம். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்து பிந்திவிட்டது. இத்தனை நாள் பதுளையில் அவள் சின்னம்மா வீட்டில் இருந்தாள். இன்று கூட்டிப்போனோம்.

நானா தார் ரோட்டுக்காகப் பழைய டயர்களை மாட்டிவிட்டார். மலைக்குப் போகிற நாளில்தான் பல்லு டயர். பஸார் ஹயரும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. சுவிட்சையும் பழைய இடத்துக்கே மாற்றிவிடவா என்று போன வாரம் கேட்டார். ஹயருக்கு வருகிறவர்கள் கேலி செய்கிறார்களாம். இருக்கட்டும் என்றேன். "அப்ப ஈக்கட்டும்," என்றார். டின் மூடி நடுவில் நன்றாகக் குழிந்துவிட்டது.

நான் பின்னால் ஏறினேன். இராக்கம்மா பிள்ளையோடு முன்னால் உட்கார்ந்தாள். நானா கியரைச் சரிபார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"போகலாமாங்க?" என்று கேட்டுவிட்டு அவளே சாவியைத் திருப்பினாள்.