பூஜை போட்ட திங்கட்கிழமை

ஜனவரி 7, புதன்

காலையில் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அண்ணனின் பனியன் கம்பெனிக்குத் தாமதமாகத்தான் போனேன். யாரும் கேட்கவில்லை. கேட்க யார் இருக்கிறார்கள்? வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றதிலிருந்து தையல் மிஷின்கள் பனியன் துணி போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. அண்ணனின் அறையில் அண்ணன், ஆபீஸில் நான், கேட்டில் வாட்ச்மேன். ஏற்றுமதி மீண்டு எழுகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். எங்கே என்று போடவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

தொழில் மீள்வதற்கென்று வங்கி கொடுக்கும் கடனை அண்ணன் கேட்டிருக்கிறார். ஓடுகிற கம்பெனிக்குத்தான் கிடைக்குமாம். திங்கட்கிழமை மேனேஜர் நேரில் பார்க்க வருகிறார்.

"பழைய ஆளுங்களக் கூப்புடு அம்மிணி. நீ கூப்புட்டாத்தான் வருவாங்க" என்றார்.

"அன்னைக்கு ஒரு நாளைக்கா, நிரந்தரமாங்கண்ணா?"

"லோன் வந்தா தையல் லைன் ஓடப்போகுது. இதென்ன கேள்வி?"

எனக்கு அது போதுமாக இருந்தது. நாள் முழுக்கப் போன். பழனாயி சேவூரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். "நெசமாலுங்களா அக்கா? மெஸ்காரம்மாகிட்டச் சொல்லிட்டு நின்னுக்கட்டுங்களா?" என்றாள். வேலையை விட்டு நின்றுகொள் என்றேன். ஆரோக்கியராஜ் ஊரோடு போய்விட்டவன், திசையன்விளைப் பக்கம். "யக்கா, பஸ் ஏத்திவிட்டுட்டு பாதியில எறக்கிராதீய" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஜனவரி 12, திங்கள்

நின்ற லைனை மறுபடி ஓட்டும்போது பூஜை போடாமல் இங்கே ஒரு டெய்லரும் பெடலில் கால் வைக்கமாட்டார். பூஜை போட்டால் வேலை ஆரம்பம் என்று அர்த்தம். அண்ணன், "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார். சிக்கனம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு எலுமிச்சம்பழமும் பொரியும் நானே வாங்கி வந்தேன். ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன்.

சூடம் காட்டும்போது பழனாயி அழுதாள். "முருகன் கண்ணத் தொறந்துட்டாருங்க அக்கா." ஆரோக்கியராஜும் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "வேல குடுக்கிற சாமி எதுவா இருந்தா என்னக்கா?"

மேனேஜர் வந்தபோது லைன் முழுக்கச் சத்தம். தைத்தது என்னவோ மிச்சம் கிடந்த பழைய துணி லாட்தான். ஆர்டர் துணி பொங்கல் கழித்து வருமாம். "பாக்கவே சந்தோஷமா இருக்கு மேடம்" என்றார் மேனேஜர். எனக்கும்தான்.

ஜனவரி 21, புதன்

துணி வரவில்லை. பொங்கல் முடித்து வந்தவர்களை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பழனாயி கேட்டில் நின்றபடியே போன் செய்தாள். நாளைக்கு வந்துவிடும் என்றேன். எனக்கு யார் சொன்னது, நாளைக்கு என்று?

பிப்ரவரி 4, புதன்

கடன் வந்துவிட்டது. பின்னாலேயே லாரியும் வந்தது. மிஷின்களை ஏற்றினார்கள். அருள்புரத்தில் அண்ணியின் தம்பி ஷெட்டில் புது லைனாம். பக்கத்திலேயே ஹாஸ்டல். வடக்கேயிருந்து ஏஜென்ட் ஒருவர் பெண்களைக் கூட்டி வருகிறாராம்.

"நம்ம ஆளுங்கண்ணா?"

"நம்ம ஆளுங்க பொழுதானா ஊட்டுக்கு பஸ் ஏறிருவாங்க அம்மிணி. ஹாஸ்டல்ல இருக்கறவ எங்க போவா?"

எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நோம்பிக்கு முன்னாடியே பேசி முடிச்சாச்சு."

பொங்கலுக்கு முன்னாடி. அப்படியென்றால் நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது — தெரியும். அவருக்குத் தெரியும். தட்ட நீட்டுனேனே, தொட்டுக் கும்புட்டாரே! எப்படி முடிஞ்சுது? அந்த ஜனங்க அவர நம்பியா வந்தாங்க? என் குரல நம்பி வந்தாங்க. என் குரலத்தான் பேங்குல அடகு வெச்சிருக்காரு.

லாரி கிளம்பும்போது பார்த்தேன். சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

"நீயும் கொஞ்ச நாள் ஊட்ல இரு அம்மிணி" என்றார் அண்ணன். அங்கே ஆபீஸை அண்ணியின் தம்பியே பார்த்துக்கொள்வாராம். சாவிக்கொத்தை அண்ணனிடம் கொடுத்தேன். எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்து வாங்கிக்கொண்டார்.

என்னிடம். சரிபார்த்து.

பிப்ரவரி 9, திங்கள்

ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். ஆரோக்கியராஜ் திட்டவில்லை. "மொதலாளி ஏமாத்துவாருன்னு தெரியும் யக்கா. நீங்க கூப்பிட்டீயன்னுதான வந்தேன்." பழனாயி முழுவதும் கேட்டாள். போனை வைத்துவிட்டாள். மெஸ்ஸில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

பேப்பரில் அண்ணன் படம், அருள்புரத்துப் புது லைன் பூஜையில். 'வேலைவாய்ப்பு பெருகுகிறது' என்று தலைப்பு. கையில் இருப்பது என்னுடைய சூடத்தட்டு.

மார்ச் 11, புதன்

பழனாயியிடமிருந்து போன். எடுக்கவே பயமாக இருந்தது.

"சும்மாதான் இருக்கறீங்களா அக்கா?"

ஆமாம் என்றேன். அவிநாசி ரோட்டில் ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்திருக்கிறாளாம். "இங்க செக்கிங்குக்கு ஆள் கேக்கறாங்க. உங்க படிப்புக்கு ஆவற வேலையில்லீங்க. நின்னுக்கிட்டே பீஸ் பாக்கோணும். கால் நோவும்."

"எம் மேல கோவமில்லையா?"

"இருக்குதுங்க" என்றாள் உடனே. "நேர்ல வாங்க, நல்லாத் திட்டிக்கறேன்."

வேலை நிஜமா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. நான் அதைக் கேட்கலாமா?

அவளே சொன்னாள். "பூஜையெல்லாம் போடலீங்க அக்கா. துணி வந்திருக்குது. தொட்டுப் பாத்துட்டுத்தான் கூப்புடறேன்."

காலையில் எழுந்து சாப்பாடு கட்ட வேண்டும்.