கொழுகொழு போட்டியும் மஞ்சள் வயரும்

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. குற்றாலத்தில் நேற்று நடந்த கொழுகொழு குழந்தைப் போட்டி, போனில் எடுத்தது, இப்போதுதான் பார்த்தேன். அக்கா மகன் மகிழனுக்கு முதல் பரிசு. என் வீடியோவில் முழுக்கக் குடைகள். நடுவில் யாருடைய வழுக்கையோ.

அத்தான் மஸ்கட்டில். மகனை இன்னும் நேரில் பார்த்ததில்லை. "எம்புள்ள மேடை ஏறுதத நான் பாக்கணும்லே மாப்ள." நேற்றிலிருந்து இதே மெசேஜ்.

உள்ளூர் கேபிளில் ஞாயிறு சாயங்காலம் போடுகிறார்கள். ஒரே தடவை. கேபிள்காரரிடம் வீடியோ காப்பி கேட்டால், "அதெல்லாம் தாரதில்ல தம்பி." டி.வி.யைப் போனில் எடுத்தால் கோடு கோடாக விழும். படித்தவன் செய்கிற வேலை இல்லை. கம்ப்யூட்டரில்தான் பிடிக்கணும்.

அம்மா யோசனை: "கேபிள் பொட்டிலயும் கலர் கலரா ஓட்ட, கம்ப்யூட்டர் பின்னாலயும் பச்ச, ரோஸ்னு ஓட்ட. சொருகு."

ஜூலை 24, வியாழன்

தென்காசி. டி.வி. படத்தைக் கம்ப்யூட்டருக்குள் பிடிக்கிற கேப்சர் கார்டு தேடி அலைச்சல். முதல் கடை: "கேப்சர் கார்டா? மெமரி கார்டத்தான சொல்லுதீங்க?"

இரண்டாவது கடை. அண்ணாச்சி பரணிலிருந்து டி.வி. டியூனர் கார்டு ஒன்றை எடுத்து ஊதினார். தூசி என் வாயில்.

"இதப் போட்டா கம்ப்யூட்டரே டி.வி. தம்பி."

"இதச் சொருக என் கம்ப்யூட்டர் போர்டுல ஸ்லாட்டே கிடையாது, அண்ணாச்சி."

"அப்ப போர்ட மாத்து."

கடைசியில் பாவூர்சத்திரம், கல்யாண வீடியோ ஸ்டுடியோ. பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஸ்டுடியோக்காரர் ஒரு கருவி வைத்திருக்கிறார். பென் டிரைவ் மாதிரி, வாலில் படத்துக்கு மஞ்சள் வயர், சத்தத்துக்கு வெள்ளை, சிவப்பு. இரவல். "திங்கக்கிழம கைக்கு வந்துரணும், என்ன?" பஸ்ஸில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, சட்டைப்பையைப் பொத்தியபடி மேலகரம் வீடு வந்தேன்.

ஜூலை 26, சனி

வெயில்! சோதனை. படம் வந்தது, கறுப்பு வெள்ளையில். கருவி அமெரிக்க டி.வி. முறையான என்.டி.எஸ்.சி.யில் கிடக்கிறது. நம் ஊர் முறை பால்.

"பாலுக்கு மாத்தணும்மா."

"பாலு அடுப்புலல்லா இருக்கு. ஒனக்கு எதுக்கு?"

மாற்றினேன். கலர்! கத்திவிட்டேன். பால் பொங்கிவிட்டது, நிஜமாகவே.

ஜூலை 27, ஞாயிறு

ஒளிபரப்பு முடிந்தது. பதிவும் ஆனது. வீடே ஒரே கூச்சல்.

போட்டுப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி. சத்தம்? நாசம். சத்தத்துக்குக் கருவிக்குப் பதில் கம்ப்யூட்டரின் வெப் கேமரா மைக் தேர்வில் இருந்திருக்கிறது. டி.வி.யில் நடுவர் பேசுவது எங்கோ தூரத்தில். அதற்குமேல் குக்கர் விசில், அம்மா கைதட்டல், அக்கா: "அப்பனப் போலவே முழிக்கான் பாரும்மா. அவரயும் ஜட்டியோட மேடைல ஏத்துனா கப்பு வாங்கிருவாரு."

முட்டாள். நான்தான். எல்லாம் பார்த்தேன், ஆடியோவைப் பார்க்கவில்லை. வேறு வழியில்லை, அனுப்பினேன். 'சவுண்டு போச்சு அத்தான்.'

ஜூலை 28, திங்கள்

மழை. காலையிலேயே அத்தான் போன். ஸ்பீக்கரில்.

"ஏட்டி, யாரு ஜட்டியோட?"

அக்கா போனை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

"மாப்ள, மேடைல அவன் அழுதாம்லா, அப்ப பக்கத்துல ஒரு சிரிப்பு கேக்குதே. யாரது?"

திரும்பப் போட்டுப் பார்த்தேன். மகிழன்தான். டி.வி.யில் அழுகிற தன்னையே பார்த்து வீட்டில் சிரித்திருக்கிறான்.

சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ஏலே, சவுண்டு போச்சுன்னு எவம்லே சொன்னான்? வீட்டுக்குள்ள உக்காந்த மாதிரில்லா இருக்கு. இன்னும் எடுத்து அனுப்பு."

சாயங்காலம் பாவூர்சத்திரம் போய்க் கருவியைக் கொடுத்துவிடலாம்.

வீட்டுச் சத்தத்தைப் பிடித்த மைக் நம்முடையதுதான்.