இடது கையில் நீட்டிய டம்ளர்

இன்று முற்பகல் மீமிசல் பக்கம் ஒரு வீட்டில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி எனக்கு டீ கொண்டுவந்தாள். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் வராத பிள்ளை. ஏன் என்று கேட்கத்தான் போயிருந்தேன். எவர்சில்வர் டம்ளரை இடது கையில் பிடித்து நீட்டினாள். வலது கை பாவாடை மடிப்புக்குள் இருந்தது. கொல்லைப் பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவள் அம்மா தலையைத் திருப்பி, "சோத்தாங்கையால குடு புள்ள. வந்தவங்க என்ன நெனப்பாங்க?" என்று அதட்டினாள்.

எனக்குக் கை எழவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் நீ நீட்டிய டம்ளர் குறுக்கே வந்து நின்றது.

உனக்கு நான் இதுவரை எழுதியதில்லை. இருந்தபோது எழுதத் தேவையிருக்கவில்லை. தைலமரக் காட்டைத் தாண்டினால் உன் வீடு. நீ போன பிறகு எழுத எனக்குத் தைரியமில்லை. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் நீ செத்துப்போனாய். நான் பரீட்சை எழுதினேன், அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டே போய்ப் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், உன்னைப் பற்றிக் கேட்ட அன்று வாயைத் திறக்காதவளுக்குக் கொடுத்த பரிசு மாதிரி இருக்கிறது.

நீ எங்கள் ஊருக்கு வந்தது ஆறாம் வகுப்பில். உன் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனதும் உன்னை மாமா வீட்டில் விட்டார்கள். கடைத்தெருவில் மாமாவுக்கு மளிகைக்கடை. யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். "தங்கச்சி புள்ளையை வச்சுப் பாக்குற மனுசன்" என்று ஊர் அவரைச் சொல்லும். பெண் பிள்ளை எதுவானாலும் அவர் வாயில் "தாயி"தான். அடிக்கும்போதும் தாயிதான் என்று நீ சொன்னாய். "கைய நீட்டு தாயி. திரும்பி நில்லு தாயி." அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாய். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு நாள் பாவாடையை முழங்காலுக்குமேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாய். "இந்தா பாரு மேப்பு. இது புதுக்கோட்டை. இது திருமயம். ரெண்டுக்கும் நடுவுல மாமா ரோடு போட்டிருக்காரு." அத்தையும் மாமாவும் அலமாரியில் பூட்டி வைத்திருந்த பால்மாவை ஒரு கரண்டி தின்றதற்கு அந்த ரோடு. பால்மாவு உன் அம்மா உனக்காக அனுப்பியது.

நான் அதை என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா களை வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "பெத்தவ கூட இல்லாத புள்ளைய நாலு தட்டுத் தட்டித்தான் வளப்பாங்க. அடுத்த வீட்டுச் சங்கதிய தூக்கிட்டு வராத" என்றாள். அம்மா கெட்டவள் இல்லை. மறுநாள் உனக்கும் சேர்த்து ஒரு டப்பாவில் புளிச்சோறு கட்டித் தந்தாள். எங்கள் ஊரில் இரக்கம் சோறு வரைக்கும் வரும். அதற்கு மேல் வராது.

வெள்ளிக்கிழமைகளில் உன் அம்மாவுக்கு ஓய்வு. வீடியோ காலில் வருவார். அன்றைக்கு மட்டும் உனக்கு அத்தை இரட்டைச் சடை பின்னி, பூ வைத்து, நல்ல சட்டை போட்டுவிடுவார். மாமா போனைத் தன் கையிலேயே பிடித்துக்கொள்வார். "சிரிச்ச மொகமா இரு. ஒன் ஆத்தா அங்க ஒத்தையில கெடந்து அழுவா" என்று அத்தை சொல்லிக் கொடுப்பார். நீ சிரிப்பாய். அங்கே உன் அம்மா, மகள் நன்றாக இருக்கிறாள் என்று மறு வெள்ளி வரைக்கும் பாத்திரம் தேய்த்திருப்பார். சனிக்கிழமை பூ வாடியிருக்கும். சடையும் கலைந்திருக்கும்.

பாடப்புத்தகத்தின் அட்டையில் குழந்தைகள் உதவிக்கென்று ஓர் எண் இருந்தது. பரீட்சைக்கு வராததால் யாரும் அதைப் படிக்கவில்லை. நீ மனப்பாடம் செய்திருந்தாய். என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், சார்ஜில் கிடந்த அவள் போனை எடுத்துப் பேசினாய். நான் வாசலில் காவல் நின்றேன். பேர், வகுப்பு, ஊர், மாமா பேர் எல்லாம் தெளிவாகச் சொன்னாய். வைத்த பிறகு, "வர்றேன்னாங்கடி. பயப்படாத கண்ணுன்னாங்க. ஒரு பொம்பளை என்னைக் கண்ணுன்னு சொன்னாங்கடி" என்றாய். அன்று மாலை முழுவதும் உனக்கு வேறு பேச்சில்லை.

ஆறாம் நாள் வந்தார்கள். ஆனால் அதற்கு முந்தின நாளே, வரப்போகிறோம் என்று ஊரில் பெரிய மனிதர் ஒருவருக்குச் சொல்லிவிட்டார்கள். மரியாதையான குடும்பம், திடுதிப்பென்று போய் நின்றால் அசிங்கமாகிவிடும் என்று நினைத்தார்களாம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள்போல முன்கூட்டியே தகவல் சொன்னார்கள். அந்தப் பெரிய மனிதர் நேரே மாமா கடைக்குப் போய்ச் சொன்னார்.

மறுநாள் காலை தெருக்குழாயில் உன்னைப் பார்த்தேன். குடத்தை இடுப்பில் வைக்காமல் இடது கையால் இழுத்துக்கொண்டு வந்தாய். என்னைக் கண்டதும் வலது கையை விரித்தாய். உள்ளங்கை முழுவதும் ஒரே வெள்ளைக் கொப்புளம்.

"எந்தக் கையில போன் புடிச்ச தாயின்னு கேட்டாரு. சோத்தாங்கைன்னு உண்மைய சொல்லித் தொலைச்சிட்டேன். பீச்சாங்கைன்னு சொல்லியிருந்தா எழுதுறதுக்காச்சும் கை மிஞ்சியிருக்கும்."

தோசைக்கல்லில் வைத்து அழுத்தியிருக்கிறார். அத்தை அடுப்பைக் குறைக்கவில்லை.

அப்போதும் நீ அழவில்லை. சாயந்திரம் அவர்கள் வருவார்கள் என்று சொன்னாய். பிறகு இதைச் சொன்னாய். ஒன்பது வருடமாக இதை நான் ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன்.

"நான் சொன்னா, அவங்க போனப்பறமும் நான் அங்கதான இருக்கணும்? நீ சொல்லு. நீ சொல்லிட்டு ஒன் வீட்டுக்குப் போயிரலாம்ல. கையை விரிச்சுக் காட்டச் சொல்லுங்கன்னு மட்டும் சொல்லு. அது போதும்."

நான் சரி என்று தலையாட்டினேன். "ஊமைக்கோட்டான், தலைய ஆட்டாத, வாயால சொல்லு" என்றாய். சொல்கிறேன் என்று வாயால் சொன்னேன்.

சாயந்திரம் உன் வீட்டு வாசல் தெளித்திருந்தது. கூடத்தில் பந்தல்காரர் வீட்டிலிருந்து எடுத்துவந்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு மேடமும் ஒரு சாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர் காலை ஆட்டிக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார். போனில் நீ என் பேரையும் சொல்லியிருந்ததால் என்னையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். உன்னை டீ கொண்டுவரச் சொன்னார் அத்தை.

நீ தட்டில்லாமல் ஒரு டம்ளரை இடது கையில் எடுத்துவந்து மேடத்திடம் நீட்டினாய். வலது கை தாவணி போலப் போட்டிருந்த துண்டுக்குள் இருந்தது. மேடம் வாங்கப் போனார். அதற்குள் அத்தை, "இதென்னடி பழக்கம்? பெரியவங்களுக்கு பீச்சாங்கையிலயா குடுப்பாக? சோத்தாங்கையால குடு" என்றார். மாமா சிரித்தபடி, "சின்னப்புள்ளதான, பழகிக்கிரும். மாத்திக் குடு தாயி" என்றார்.

நீ மாற்றினாய். கொதிக்கிற டம்ளரை அந்த உள்ளங்கையில் வைத்துப் பிடித்தாய். மேடம் போனில் வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு வாங்குகிற வரைக்கும் பிடித்திருந்தாய். உன் கழுத்தில் நரம்பு மட்டும் எழும்பி நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

"அடக்கமான பொண்ணு. நல்லா வளத்திருக்கீங்க" என்றார் மேடம்.

பிறகு அத்தனை பேர் நடுவிலும் உன்னைக் கேட்டார். "யாராச்சும் அடிக்கிறாங்களா பாப்பா? பயப்படாம சொல்லு."

"சொல்லு தாயி" என்றார் மாமா. "பயப்படாத. நான் இருக்கேன்ல."

"இல்லீங்க மேடம்" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய்.

மேடமும் என்னைப் பார்த்தார். "நீதான பிரெண்டு? நீ சொல்லும்மா. ஒனக்கு எதாச்சும் தெரியுமா?" எல்லோரும் பார்த்தார்கள். மாமா கடையில் எங்கள் வீட்டுக்கு அரிசி வாங்குவோம், அது ஞாபகம் வந்தது. அம்மா சொன்ன அடுத்த வீட்டுச் சங்கதி ஞாபகம் வந்தது. ஒன்றுமே ஞாபகம் வராமல் இருந்திருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன். தரையில் சாணி மெழுகியதில் விரல் தடம் அரை வட்டமாகப் போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தலையை இல்லை என்று ஆட்டினேன்.

உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவள் அன்று அதை மட்டும் பார்க்கவில்லை.

அவர்கள் டீயைக் குடித்து முடித்து, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதன்பின் உன்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கையில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, கை தோள் வரைக்கும் சிவந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தோசை ஊற்றுகிறேன் என்று கல்லில் கையை வைத்துவிட்டாள் என்று அத்தை சொன்னதை அங்கே எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஊர் மர்மக் காய்ச்சல் என்றது.

குளிப்பாட்டும்போது யாராவது கையை விரித்துப் பார்ப்பார்கள் என்று நான் சன்னலோரம் நின்றேன். அத்தைதான் உன் பக்கத்தில் இருந்தார். உள்ளங்கையில் ஒரு வெற்றிலையை வைத்து மூடி, இரண்டு கட்டை விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டார். மாமா போனைத் தூக்கிப் பிடித்து உன்னைக் காட்டினார். அதற்குள்ளிருந்து உன் அம்மா கத்திய சத்தம் சங்குச் சத்தத்தில் தேய்ந்துபோனது. அன்று வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் உனக்கு இரட்டைச் சடை பின்னி, பூ வைத்திருந்தார்கள்.

உன் அம்மா அடுத்த வருடம் லீவில் வந்தபோது என்னைத் தேடி வந்து ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தார். "எம்மவளுக்கு நீ ஒருத்திதான் கூட்டாளியாமே" என்றார். அதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். இந்த வேலையில் சேர்ந்த பிறகு, போன வருடம்தான் அவரிடம் எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். வெகுநேரம் என் வாயையே பார்த்தார். "அன்னைக்கி இதுல என்னடி வச்சிருந்த, கொழுக்கட்டையா?" என்றார். அதற்கு அடி பரவாயில்லை.

அவரும் நானும் சேர்ந்து போலீஸில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆஸ்பத்திரித் தாளில் அத்தை சொன்னதுதான் இருக்கிறது. சாட்சி நான் ஒருத்தி. அன்றைக்கு இல்லை என்று தலையாட்டிய அதே சாட்சி. மாமா இன்னும் கடையில்தான் இருக்கிறார். தெருவில் பார்த்தால், "வேலைக்கிப் போறியா தாயி?" என்கிறார்.

போகிறேன். இப்போது அந்த மேடம் உட்கார்ந்த நாற்காலி என்னுடையது. அதே குழந்தைகள் உதவி மையத்தில் ஒப்பந்த வேலைதான். எந்த வீட்டுக்கும் முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுப் போவதில்லை. "நல்ல குடும்பம் மேடம்" என்று யாராவது சொன்னால் மறுபடி ஒருமுறை போகிறேன். வீட்டார் முன்னால் எந்தப் பிள்ளையையும் எதுவும் கேட்பதில்லை. கடைக்கு வழி காட்டு, பஸ் எங்கே நிற்கும் காட்டு என்று வெளியே கூட்டி வந்துவிடுவேன். கூட்டாளிப் பிள்ளையையும் தனியாகத்தான் கேட்கிறேன். அதுவும் ஒரே தடவையோடு விட்டுவிடுவதில்லை. இல்லை என்று தலையாட்டினால் இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போகிறேன். ஏனென்றால் என்னை யாராவது மறுநாள் குழாயடியில் தனியாகக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நம்புகிறேன். பள்ளிக்கூடங்களில் மைக் பிடித்தால் இன்னும் குரல் நடுங்குகிறது. "ஒருத்தர்கிட்ட சொல்லி ஒண்ணும் நடக்கலைன்னா ஓஞ்சிராதீங்க. அடுத்த ஆளுகிட்ட சொல்லுங்க" என்று அந்த நடுக்கத்தோடு சொல்கிறேன். என்னை இரண்டாவது ஆளாக நினைத்துத்தான் நீ சொன்னாய்.

இன்றைக்கு அந்த வீட்டில் நானும் இடது கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா வாயைப் பிளந்து பார்த்தாள். டீயைக் கீழே வைத்துவிட்டு, "பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வர்றியா?" என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். கருவாடு காயப்போட்டிருந்த இடத்தைத் தாண்டியதும் நின்றேன்.

"கையக் கொஞ்சம் விரிச்சுக் காட்டு."

முதலில் மாட்டேன் என்றாள். மறுபடி கேட்டேன். மெதுவாக விரித்தாள். உள்ளே பாதி கடித்த கடலைமிட்டாய் பிசுபிசுத்து ஒட்டியிருந்தது. காயம் எதுவும் இல்லை.

"எனக்கு எப்பவும் பீச்சாங்கைதான்க்கா. எழுதுறதும் இதுலதான். காச்சலுக்கு இனிப்பு திங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு. சொல்லிராதீங்கக்கா."

அவள் திரும்பி ஓடிய பிறகு அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கையை விரிக்கச் சொல்லிப் பார்க்க, ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அன்று உன்னைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த நேரம் இல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு இருந்தது.