டீச்சர் பார்க்காத கை

பேட்டை, திருநெல்வேலி.
புதன்கிழமை, அஸர் தொழுதுவிட்டு.

அன்பு மகள் ஃபஹ்மிதாவுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே உன் உம்மா சுகம், அவளுடைய மூட்டுவலி அவளைவிடச் சுகம், நான் சுகமாக இருப்பவனைப் போல நடமாடிக்கொண்டிருக்கிறேன். தினமும் ஃபோனில் பேசுகிற மனிதனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் எதைத் தொடங்கினாலும் மூன்றாவது வாக்கியத்தில் அது வேடிக்கையாகிவிடுகிறது, நீயும் சிரித்துவிடுகிறாய், சொல்ல வந்தது போய்விடுகிறது. கையில் பேனா இருந்தால் வாய் அவ்வளவு நீளாது என்று ஒரு நம்பிக்கை.

பள்ளிக்கூட மலருக்காக உன் வாப்பும்மாவை, என்னைப் பெற்றவர்களைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நாலு தடவை படித்துவிட்டேன். குடை பிடித்துக்கொண்டு ரயில்வே கேட் தாண்டி நடந்து போனது, ஆறுமாதக் கைக்குழந்தையாக என்னை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனது, ரிட்டயர் ஆகி இருபது வருஷம் கழித்தும் பள்ளிவாசல் நோட்டீசில் சிவப்பு மையால் திருத்தம் போட்டு மோதினார் கையில் கொடுத்தனுப்பியது, எல்லாம் அச்சாக அவர்களேதான். வீட்டில் என்னை வாப்பா வாப்பா என்று கொஞ்சுகிறவர்கள் வகுப்பில் ரசீத் எந்திரி என்பார்கள், நானும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும், ஒருநாள் ராத்திரி சோறு கேட்கும்போதும் டீச்சர் என்று கூப்பிட்டு அவர்களை அழவைத்தேன் என்பதையும் நீ சேர்த்திருக்கலாம். போகட்டும். கடைசிப் பத்தியில், முப்பத்துநாலு வருஷத்தில் குற்றம் செய்யாத ஒரு பிள்ளைமேல்கூட அவர் கை பட்டதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் என் தொண்டையில் நிற்கிறது. கட்டுரையை இப்போது அனுப்பாதே என்று நான் ஃபோனில் சொன்னதற்கு மலர்க்குழு மீது பழி போட்டேன். காரணம் மலர்க்குழு இல்லை, நான்தான்.

அடக்கத்துக்கு உன்னால் வந்து சேர முடியவில்லை, அதனால் அன்று பள்ளிவாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வாரிசு எழுந்து நின்று, மௌத்தாகிப் போனவர் யாரையாவது நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஜமாஅத்தைக் கேட்பது வழக்கம். நான் கேட்டேன். எதிரே நின்ற நரைத்த தாடிகளில் பாதி வாப்பும்மாவிடம் பிரம்படி வாங்கிய தாடிகள். பொறுத்துக்கிட்டோம் என்று ஒரே குரலில் சொன்னார்கள், பின்வரிசையில் ஒருவர், ‘அடிச்சதாலதாம்வே நாலு எழுத்து வந்துச்சு’ என்றார், அந்த நேரத்திலும் ஒரு சிரிப்பு ஓடியது. இரண்டாவது வரிசையில் தாஜ் முகம்மது மட்டும் வாயைத் திறக்கவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிற தாஜ்தான், என்னோடு அஞ்சாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவன். தொழுதான், அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்குள் பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா மதில் மேலாக உன் உம்மாவிடம், ‘தாஜண்ணன் வாயத் தொறக்கலியாம்லா, டீச்சரம்மா மேல அப்படி என்னக்கா கோவம்’ என்று கேட்டாயிற்று. என்ன கோபம் என்று எனக்குத் தெரியும்.

அஞ்சாம் வகுப்பில் பள்ளி ஆய்வாளர் வருகிற நாள். அப்போதெல்லாம் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் பூசுவோம். தாஜின் வாப்பா செய்யது மசூதுக்கு ரயில்வே கேட் பக்கம் கரிக்கடை, பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய கரியை இனாமாக அவரே கொண்டுவந்து தருவார். அன்றைக்கும் கடைசி நேரத்தில் ஒரு பலகை வெளுத்துத் தெரிகிறது என்று தாஜும் அவரும் ஒரு சாக்குக் கரி சுமந்து வந்தார்கள். அதில் ஒரு துண்டை எடுத்து, புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஹெட்மாஸ்டரைத் தொந்தியும் மீசையுமாக வரைந்தவன் யார் தெரியுமா? இந்தத் தெருக் கல்யாண வீடுகளில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற உன் வாப்பாதான். வாப்பும்மா நாற்பது பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார்கள். எந்தத் தப்புக்கும் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள், தன் பிள்ளை என்று பாரபட்சம் காட்டுவதாகப் பேச்சு வந்துவிடக் கூடாது என்று. அந்த ஒருநாள் பார்க்கவில்லை. ஆய்வாளருக்கு டீ கொண்டுவர அவர்கள்தான் என்னை அனுப்பியிருந்தார்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போ என்றும் சொல்லியிருந்தார்கள். நான் டம்ளர்களோடு வாசலில் நிற்கிறேன், உள்ளே கரி சுமந்து கருத்த தாஜின் உள்ளங்கைமேல் ஸ்கேல் விழுகிறது. ஆறு அடி. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். டம்ளர் ஒன்றுகூடத் தளும்பவில்லை, அதுதான் இப்போதும் என்னை உறுத்துகிறது. மறுநாளிலிருந்து தாஜ் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

நான் சொல்லவே இல்லை. பத்து வயதில் பயம், இருபதில் வெட்கம், அப்புறம் மறந்துவிட்டதாக ஒரு பாவனை. கடைசி வாரம் வாப்பும்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது என்று சொன்னேன் அல்லவா, சாயங்காலமானால் படுத்தபடியே வருகைப் பதிவு எடுப்பார்கள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாப் பெயருக்கும் குரலை மாற்றி மாற்றி உள்ளேன் டீச்சர் என்பேன், உன் உம்மா அடுப்படியில் நின்று சிரிப்பாள். தாஜ் முகம்மது என்று கூப்பிட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார்கள், கொஞ்சம் காத்திருந்தார்கள், வராத பிள்ளைக்குப் பதிவேட்டில் போடுகிற மாதிரி விரலால் காற்றில் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் தாஜின் பட்டறைக்குப் போனேன். முதல் தடவை கிரைண்டர் ஷாஃப்டோடு போய், அதைச் சரிபண்ணிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை கேட் கொண்டி. மூன்றாவதாக நன்றாக ஓடுகிற மோட்டாரை நான் கழற்றும்போது உன் உம்மா, ‘ஒங்களுக்குத்தான் எங்கயோ கழண்டிருக்கு, மோட்டார விடுங்க’ என்றாள். அதனால் போன திங்கட்கிழமை வெறுங்கையோடு போனேன், சொன்னேன். தாஜ் மெஷினை நிறுத்தவில்லை. ‘நீதாம்னு அன்னைக்கே தெரியும்லே, அந்த மீசைய ஒன்னத் தவிர எவன் வரைவான்’ என்றான். எனக்கு உயிர் வந்தது, சிரித்தும் விட்டேன். அதற்குப் பிறகு மெஷினை நிறுத்தினான். ‘அடிச்சதுக்கு இல்லலே. அடிச்சிட்டு, கரிக்கடைக்காரன் புள்ளைக்குப் புத்தி எங்க போவும்னு சொன்னாங்க. எங்க வாப்பா ஜன்னலுக்கு வெளிய சாக்கோட நிக்காங்க. கேட்டுக்கிட்டு நிக்காங்க. மறுநாளு என்னைய அனுப்பாதது அவங்கதான். எனக்குள்ளத நான் எப்பமோ பொறுத்துக்கிட்டேன். மவுத்தாப் போன வாப்பாவுக்குள்ளத நான் எப்படிலே பொறுத்துக் குடுப்பேன்?’ என்றான்.

அந்த வார்த்தை எனக்கு நினைவில்லை, மகளே. அடியை எண்ணியவன் காதில் அது விழவில்லை. வாப்பும்மா அப்படிச் சொல்லியிருப்பார்களா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். சொல்லியிருப்பார்கள். வெளியே ஆய்வாளர், சுவரில் ஹெட்மாஸ்டர், மற்றவர்களும் கோபத்தில் சொல்கிற சாதாரண வார்த்தைதான், அதனால்தான் சொல்லியிருப்பார்கள் என்று படுகிறது. நான் என் கையைக் காட்டியிருந்தால் அந்த வார்த்தைக்கே இடம் வந்திருக்காது. என்ன செய்யட்டும் என்று தாஜிடம் கேட்டேன். ‘பள்ளிவாசல்ல வச்சுத்தான பொறுக்கச் சொல்லிக் கேட்ட? அங்கனயே எந்திரிச்சுச் சொல்லு, படம் போட்டது யாருன்னு. எங்க வாப்பா பேரையும் சொல்லு. பைய முணுமுணுக்காத, கடைசி வரிசைக்குக் கேக்கணும்’ என்று சொல்லிவிட்டு மெஷினை ஓடவிட்டான்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு நிமிஷம் தர இமாம் சம்மதித்துவிட்டார், விஷயத்தைக் கேட்டு அவர் முகம் போன போக்கை எழுத மாட்டேன். உன் உம்மாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன், அவள் என் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்திருக்கிறாள். இறந்துபோன டீச்சரைப் பற்றி அவர்கள் பிள்ளையே சபையில் குறை சொன்னான் என்று ஊர் பேசும், மதில் ஓரம் மைதீன் பாத்திமாவுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். வாப்பும்மா பெயரைக் கெடுக்கிறேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றில் போட்ட அந்தச் சுழியை அழிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிடு. அந்த இடத்தில், கரும்பலகைக்குக் கரி கொடுத்தவர் செய்யது மசூது என்று பெயரோடு எழுது. நீயும் டீச்சராக இருக்கிறாய், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் வாசலில் நிற்கிற பிள்ளையின் கையையும் பார். வெயிலில் அலையாதே, பார்சல் சாப்பாட்டைக் குறை, மாப்பிள்ளைக்கு என் ஸலாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், வேண்டிய நேரத்தில் வாய் திறக்கிற தைரியத்தையும் தருவானாக, இரண்டாவதை எனக்கும் சேர்த்துக் கேள்.

இது உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை கழிந்திருக்கும். எழுந்து நின்றீர்களா வாப்பா என்று ஃபோனில் மறக்காமல் கேள். நின்றேன் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னால் நம்பாதே.

உன் வாப்பா,
அ. ரசீத்
(அஞ்சாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்ச்)