பதினெட்டுக் குழாய்களில் பதிமூன்று

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் நாலு வரி படித்துவிடுவாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு மூச்சிழுப்பு இந்த வாரம் கொஞ்சம் கூடுதல். காரணம் கீழே வருகிறது.

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். என்னையோ அம்மாவையோ பார்க்க அல்ல, என் குழாய்களைப் பார்க்க. வேலைக்குப் போன இடங்களில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்களை வளைத்துக் கட்டி, ரப்பர் செருப்பால் குழாய் வாயில் அறைந்து நான் வாசிப்பேனே, அந்த வாத்தியம். நான்கு வருடம் மருமகனாக இருந்தபோது அதைத் துணி காயப்போடும் கொடி என்று நினைத்திருந்தார் போலும். இப்போது திடீரென்று அது 'அபூர்வமான சவுண்ட்' ஆகிவிட்டது. ஒவ்வொரு குழாயின் சத்தத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, கீபோர்டில் கட்டைக்கு ஒன்றாக ஏற்றிவிடுவாராம். பிறகு உலகத்தில் எவன் வேண்டுமானாலும் விரலால் தட்டி என் வாத்தியத்தை வாசிக்கலாமாம். செருப்பைத் தொடக்கூட வேண்டாமாம். என்ன பாக்கியம்!

மூன்று நாள் எங்கள் கூடம் அவர் ராஜ்யம். ஜன்னலுக்கு மெத்தை. மின்விசிறி கூடாது. பிரிட்ஜ் உறுமுகிறது என்று பிளக்கைப் பிடுங்கினார், பால் திரிந்தது. கடிகாரத்தைக் கழற்றித் தலையணைகளுக்கு நடுவே புதைத்தார். அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு, எங்கோ குழாய் சொட்டுகிறது என்றார். முப்பத்தொரு வருடம் பிளம்பராக ஊர் ஒழுகலையெல்லாம் நிறுத்தியவனிடம்! சொட்டியது மாடி வீட்டுத் தொட்டி. அதையும் போய் அடைத்துவிட்டு வந்தேன், என் புத்தி அப்படி.

பதினெட்டுக் குழாய். ஒவ்வொன்றையும் மெல்ல, கொஞ்சம் பலமாக, இன்னும் பலமாக, முழு பலத்தோடு என்று நான்கு விதமாக, விதத்துக்கு ஐந்து முறை அடிக்க வேண்டும். அடித்ததும் சத்தம் முழுக்கச் சாகும்வரை சிலைபோல் நிற்க வேண்டும். ஒருமுறை கை தானாக இரண்டு குழாயைச் சேர்த்து ஒரு தாளம் போட்டுவிட்டது. அவர் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு சொன்னார்:

"நல்லா வாசிக்க வேணாம் மாமா. ஒரே மாதிரி அடிங்க, போதும்."

மூன்று நாளில் ஒரு தடவைகூட, ஒரு பாட்டு வாசியுங்கள் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. கையில் செருப்பு இருந்தும் குழாயை மட்டுமே அடித்தேன் என்பதை என் பொறுமைக் கணக்கில் எழுதிக்கொள்.

உன்னைப் பற்றிக் கேட்டாரா என்று நினைப்பாய். கேட்டார், ஒரே ஒரு தடவை. அந்தக் கறுப்பு ஹெட்போனை எங்கே வைத்தாய் என்று உன்னிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதல் நாள் மதியமே அவர் அம்மாவிடம், வெகு மரியாதையாக, "அத்தை, நீங்க மூச்சு விடறது மைக்ல விழுது. கொஞ்சம் படியில போய் உட்காருங்களேன்" என்றார். நானும் தலையாட்டினேன். அதை மறைக்கவில்லை. அவள் சொந்த வீட்டிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மூன்று நாளும் பகலெல்லாம் மாடிப்படியில். மேல்வீட்டுக்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கினார்கள்.

மூன்றாம் நாள் பதிமூன்று குழாய் முடிந்திருந்தது. காலாற வெளியே வந்தேன். கதவு சாத்தியிருக்க, ஆறு படி கீழே உட்கார்ந்திருந்த உன் அம்மா, துண்டை வாயில் அழுத்திப் பொத்திக்கொண்டு, முகம் சிவந்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஏன் இப்படி என்றேன்.

"உள்ள கேட்டுடுமோன்னுதான்" என்றாள்.

நீ அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று போனில் என்னிடம் சொன்னாய்: "நான் வீட்ல இருக்கிற சத்தமே அவருக்கு ஆகலப்பா." அதற்கு நான் பேசியதெல்லாம் நினைவிருக்கிறது. குடிக்கிறாரா, கை நீட்டுகிறாரா, குரலையாவது உயர்த்துகிறாரா, இதெல்லாம் ஒரு காரணமா, அனுசரித்துப் போ என்றேன். பெரிய மனுஷன் தீர்ப்பு! குரலை உயர்த்தாமலே ஒருவரைப் படிக்கு அனுப்ப முடியும் என்பது உன் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயதில் படியில் நின்றபோதுதான் மண்டையில் ஏறியது. நான் பார்த்தது மூன்று நாள். நீ நான்கு வருடம்.

உள்ளே போனேன். இன்னும் ஐந்து குழாய் இருக்கிறது மாமா என்றார். வாசிக்கும் செருப்பு இரண்டையும் கீழே போட்டுக் காலில் மாட்டினேன். இரண்டுமே வலது கால் செருப்பு. அப்படியே அம்மாவை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். மருந்துப் புகை வைத்தார்கள், மூச்சு சமனானது. திரும்பி வந்தபோது அவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எங்கே போனீர்கள், அத்தைக்கு என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. மீதி ஐந்தையும் பதிந்த சத்தங்களிலிருந்தே கம்ப்யூட்டரில் இழுத்துக்கொள்வாராம். இழுத்துக்கொள்ளட்டும். கடிகாரத்தைக்கூட மாட்டாமல் போனார்.

இத்துடன் உன் திருமணச் சான்றிதழை வைத்திருக்கிறேன். வக்கீலுக்கு வேண்டும் என்று நீ மூன்று தடவை கேட்டும், மனசு மாறித் திரும்பிப் போவாய் என்று அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். கையெழுத்து, சாட்சி என்று வேறு ஏதாவது வேண்டுமானாலும் எழுது, வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்வாய் அல்லவா? பேசி முடித்ததும் என்னிடம் கொடுக்கச் சொல்லம்மா. நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீ பேசு.

உன் நலமே வேண்டும்,
அப்பா