ரிங்கி நிற்கும் வாசல்கள்

எம்மென்டால், 6 செப்டம்பர் 1939

என் வீட்டுக்காரர் வெர்னரைப் பட்டாளத்தில் ரைன் ஆற்றங்கரை எல்லைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பட்டாளம் குதிரையையும் விடவில்லை. மிச்சம் நான், நான்கு பசுக்கள், இரண்டு வேளையும் கீழே சீஸ் பட்டறைக்குப் போய்ச் சேரவேண்டிய பால். சீஸ் காய்ச்சும் கொப்பரைக்கு அடியில் தீ மூட்டியபிறகு வரும் பாலைப் பட்டறைக்காரர் ஓஸ்வால்ட் வாங்கமாட்டார். அடிக்கடி தவறினால் பட்டறையில் எங்கள் இடமே போய்விடும்.

வெர்னரின் அண்ணன் கோட்லீப் வந்தார். முழங்கால் கோளாறு, அதனால் பட்டாளம் அவரைக் கூப்பிடவில்லை. அவருடைய கிழட்டுக் குதிரையையும் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

"மாட்டையெல்லாம் என் தொழுவத்துல கட்டிடும்மா லிஸ்பெத்து. வெர்னர் வர்ற வரைக்கும்தான்."

"பாலை மட்டும் உங்க வண்டியில ஏத்திக்கக் கூடாதா மச்சான்?"

"என் தொழுவத்துப் பால்னா ஏத்திக்கிறேன்."

அவர் தொழுவத்துக்குள் போன மாடு எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மாமனாரின் கிடாரிகளும் அப்படிப் போனவைதான். கொடுக்கமாட்டேன்.

9 செப்டம்பர்

கசாப்புக்கடை பெர்த்தாவின் வீட்டுக்காரரும் எல்லைக்குப் போய்விட்டார். இறைச்சி வண்டி இழுத்த நாயை வண்டியோடு என்னிடம் தள்ளிவிட்டாள். "கன்னுக்குட்டி அளவுக்குத் திங்கும், இப்பவே சொல்லிட்டேன்."

பெயர் ரிங்கி. உயரமும் கன்றுக்குட்டி உயரம்தான். கறுப்பு உடம்பு, வெள்ளை மார்பு, கண்களுக்கு மேலே பழுப்புப் பொட்டுகள். முற்றத்தில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது. யார் யாரை வேலைக்கு எடுக்கிறோம்?

10 செப்டம்பர், ஞாயிறு

அவமானம். பால் கேன்களை ஏற்றி ரிங்கியை வண்டியில் பூட்டினேன். கசாப்புக்காரர் கறி கொடுத்த ஒவ்வொரு வாசலிலும் நின்றது. முன்னால் போய்க் கயிற்றை இழுத்தால் உட்கார்ந்துவிடுகிறது. கெஞ்சினேன், கத்தினேன், ஞாயிற்றுக்கிழமையில் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். போய்ச் சேர்ந்தபோது கொப்பரையின் கீழ் தீ எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு பாலும் பன்றிக்கு.

கோட்லீப் வண்டியிலிருந்தே சிரித்தார். "லிஸ்பெத்து, என்ன விக்கிற, பாலா கறியா? எனக்கு அரைக் கிலோ போடு!"

போடுகிறேன், இரு.

13 செப்டம்பர்

இன்றும் தாமதம். ஓஸ்வால்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னொரு தடவைன்னா என் கையில இல்லம்மா. பால் சங்கத்துல பேச்செடுப்பாங்க."

14 செப்டம்பர்

இந்த நாய்க்குத் தெரியாத வேலையில்லை. வேலி தாண்டிய நான்கு பசுக்களையும் குதிகாலை முகர்ந்து முகர்ந்தே தொழுவத்தில் சேர்த்தது. சாமான் விற்க வந்தவனைக் கடிக்கவில்லை, குரைக்கவில்லை. எதிரே போய் நின்றது, அவன் வந்த வழியே போனான். கறவை முடிந்ததும் முழுப் பாரத்தையும் என் காலில் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. விழப் பார்த்தேன். பிடித்திருக்கிறது எனக்கு.

பாழாய்ப் போன நாயே, வாசலில் மட்டும் ஏன் நிற்கிறாய்?

16 செப்டம்பர்

கண்டுபிடித்துவிட்டேன்!

பட்டறைக்குப் போகிற வழியில் இருக்கும் காத்ரி வீட்டு வாசலில் வழக்கம்போல் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பால் கேன் மூடியில் ஓங்கி ஒரு அடி. டங்! ரிங்கி கிளம்பிவிட்டது.

கசாப்புக்காரர் வண்டியிலிருந்த கறிப் பெட்டியைத் திறந்து கறி கொடுத்து, மூடியை அறைந்து சாத்துவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அதற்கு அந்த வாசலில் வேலை முடிந்தது. திமிர் என்று நினைத்தேன் — வேலையில் அவ்வளவு கண்டிப்பு! வாசலுக்கு வாசல் தட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். தீ மூட்டுவதற்கு முன்பே போய்விட்டோம்.

கோட்லீப்: "காலங்காத்தால ஊருக்கே மணி அடிக்கிறியா? நம்ம குடும்ப மானமே போகுது."

"மானம் உங்க வண்டியில போகட்டும் மச்சான். என் வண்டியில பால் போகுது."

2 அக்டோபர்

சத்தம் கேட்டுக் காத்ரி கேனோடு வெளியே வந்தாள். அவள் குதிரையும் பட்டாளத்தில்தான். இத்தனை நாள் முதுகில் சுமந்திருக்கிறாள்.

"எப்படியும் இந்த ராஜா என் வாசல்ல நிக்கப்போறாரு. இதையும் ஏத்திக்கயேன்டி."

ஏற்றினேன். மேட்டில் இருவரும் சேர்ந்து தள்ளினோம்.

15 அக்டோபர்

இப்போது மூன்று வீட்டுப் பால். எங்கள் டங் கேட்டபிறகுதான் ஓஸ்வால்ட் தீக்குச்சியையே எடுக்கிறாராம். அவர் சொல்லவில்லை, காத்ரி பார்த்திருக்கிறாள்.

4 நவம்பர்

பனி. சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குக் கட்டை பூட்டினேன். பட்டாளத்துக்காரர்கள் மறுபடி வந்து கோட்லீபின் குதிரையையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சிரிக்கலாமென்று காத்திருந்தேன். குதிரையின் கிழட்டு முதுகைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

6 நவம்பர்

கசாப்புக்காரரின் கடைசி வாசல் கோட்லீப் வீடு. அங்கேதான் தினமும் மூடியைப் பலமாகத் தட்டுவேன். இன்று ரிங்கி நின்றபோது அவர் கேனோடு பனியில் நின்றிருந்தார். என் கை மூடியின் மேல் இருந்தது. ஒரு தட்டு போதும், நாய் கிளம்பிவிடும்.

"எத்தனை நாளைக்கு ஏத்திப்ப?"

"வெர்னர் வர்ற வரைக்கும்தான். பயப்படாதீங்க மச்சான், மாடெல்லாம் உங்க தொழுவத்துலயே இருக்கட்டும்."

முகம் சிவந்துவிட்டது. குளிராகவும் இருக்கலாம். கேனை அவரே தூக்கி வைத்தார். உதவி செய்கிற நினைப்பில் முன்னால் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ரிங்கி உட்கார்ந்துவிட்டது.

"முன்னாடி நின்னு இழுத்தா வராது மச்சான். பக்கத்துல நடங்க."

அவர் நகர்ந்து பக்கத்துக்கு வரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு மூடியைத் தட்டினேன்.