குறுக்கே துடைத்த கண்ணாடி

செவ்வாய் இரவு, பேராதனை.

இறுதியாண்டு மாணவி பர்ஹானாவின் கண்ணாடித் தகடு இன்று சரிவரவில்லை. தகட்டை வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்தால், அதன்மேல் விடும் திரவப் படிகத்தின் மூலக்கூறுகளும் அந்தத் திசையிலேயே படுக்கும். அவளுடையதில் திட்டுத்திட்டாக வேறு திசை.

"கண்டபடி தேய்ச்சிருக்கிறீங்க" என்றேன். சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்க. ஆய்வுகூடத்தில் அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"இல்ல மிஸ், ஒரே பக்கமாத்தான் தேச்சேன்." தமிழில், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

நான் திரும்பவும் சிங்களத்திலேயே ஏசினேன். நானும் தமிழ் என்பதால் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இடம் கொடுக்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே.

"ஸொறி மிஸ், நாளைக்கு வேற செஞ்சி தாரேன்" என்றுவிட்டு ஊருக்குப் போக, திகன பஸ்ஸுக்குப் போனாள்.

பிறகுதான் நினைவு வந்தது. அவள் தேய்த்துவைத்த தகட்டில் தூசி என்று, காலையில் டிஷ்யூவால் குறுக்கே துடைத்தது நான். அந்த மூலக்கூறுகளுக்குச் சொந்தத் திசை கிடையாது. தகட்டை எந்தப் பக்கம் இலேசாகத் தேய்த்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். வருஷாவருஷம் நான் படிப்பிப்பதே இதைத்தான்.

நாளை அவளைத் தனியே கூப்பிட்டு, பிழை என்னுடையது என்று தமிழில், மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எல்லோருக்கும் கேட்க ஏசிவிட்டு அப்படித் தோன்றியதே, அதுதான் தூங்க விடவில்லை.